கதவு சாத்தியிருக்கும்போது

கட்டடங்களுக்குள் இருக்கும் காற்று நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்வதும் ஒரு பிழைப்புதான். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, அந்தப் பிழைப்பு நடத்துகிற ஒருவருடைய கூடப்பிறந்த அக்காவே இன்றுவரை நம்பவில்லை. "எண்ணெய் அளக்கிறவன் கையிலயாவது எண்ணெய் ஒட்டும். காத்தை அளக்கிறவன் கையில என்னடா ஒட்டும்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தும் கொள்வாள்.

போகிற இடத்திலெல்லாம் அவருக்குக் காற்றுக்காரர் என்றுதான் பெயர். "காத்துக்காரர் வந்துட்டார், ஜன்னலைத் திற" என்று ஒரு குரல் வரும். திறக்காதீர்கள், தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஜன்னல் திறந்திருக்கும். அப்புறம் ஒரு வேடிக்கைப் பேர்வழி, "சார், இப்ப மூச்சு விடலாமா?" என்பான். அப்படி ஒருவன் இல்லாத ஆபீஸே கிடையாது. இன்னொருவன், "காத்து கருப்பு ஏதாச்சும் அடிச்சிருக்கான்னு பாக்க வந்தீங்களா?" என்பான். இரண்டுக்கும் அவர் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்து வைப்பார். மனிதர்கள் அவரிடம் பேசுவதே அந்த இரண்டு வாக்கியம்தான், அதையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இந்தத் தொழிலில் முதல் பாடமே அறையை விட்டு வெளியே போவதுதான். உட்கார்ந்திருக்கிற ஆளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் மீட்டரை வைக்க வேண்டும். வைத்ததும் நகர்ந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்றால் நாம் விடுகிற மூச்சே மீட்டரில் ஏறி, அறையின் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகையால் அவர் வாலிபத்திலிருந்து இன்றுவரை, வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவில் நிற்கிறார். உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்கும். தேநீர் வரும், உள்ளே போகும். வெளியே நிற்கிறவரைத் தேநீர்க்காரன் ஏதோ தகவல் கேட்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வான்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் யாரும் பேச்செடுப்பதையே விட்டுவிட்டார்கள். அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது. அம்மா போன பிறகு இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை உள்ள வீட்டில் அவர் ஒரு பாதியில் மட்டும் குடியிருந்தார். அம்மாவின் அறைப் பக்கம் போவதில்லை, அந்தக் குளியலறையைப் புழங்குவதுமில்லை. தெருவில் பேருந்துகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார். தனியாக இருந்தார் என்று சொன்னால் போதாது. தொலைபேசி மணி அடித்தால் தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டு எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருப்பார்.

அந்த வீட்டில் கொஞ்ச காலமாக ஒரு நாற்றம். சாக்கடை நாற்றம். சமைத்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ வந்து மூக்கில் நுழையும். குழாய்க்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து, நிமிர்ந்து, எல்லா இடத்திலும் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. போகும்போது குழாய்க்காரர், "ஊர் நாத்தத்தையெல்லாம் மோந்து மோந்து உங்க மூக்குலயே தங்கிடுச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றுக்காரருக்கும் அது உண்மைதானோ என்று பட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் போய்க் கழனிப்பானையில் விழுந்த கதைதான். சொந்த வீட்டில் மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய தங்கும் விடுதியிலிருந்து வேலை வந்தது. அங்கே துணிமணி, சலவை, தையல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசரம்மாவுக்கு நிற்க நேரமில்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளில் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"தையல் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க சார். கிழிஞ்ச படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் தைக்கிறவங்க. தலைவலிங்கிறாங்க, கிறுகிறுன்னு வருதுங்கிறாங்க, கால் துவளுதுங்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ஒண்ணுமில்லை. மிஷின் மேலயே தலையைக் கவுத்துத் தூங்கினதை நானே கண்ணால பாத்தேன். கேட்டா காத்து சரியில்லைங்கிறாங்க. பக்கத்துல சலவைக்கூடத்துல அத்தனை பேர் இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் வேற காத்தா வருது?"

தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. காற்றுக்காரர் தட்டியதும் திறந்த தையல்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கழுத்தில் ஒரு அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. கதவை முழுக்கத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்கக் கிழிந்த துவாலை மூட்டை ஒன்றைக் காலால் தள்ளி அண்டக் கொடுத்தார். தெரியாத ஆண் ஒருவர் வந்து நிற்கும்போது யாரும் செய்கிற காரியம்தான். அவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஜன்னலில்லாத அறை. ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, ஒரு குழல்விளக்கு. சுவரை மறைத்து நின்ற அலமாரிகளில் கூரை வரைக்கும் வெள்ளைத் துணி. பஞ்சும் நூலும் பறக்கிறது என்று சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தார்கள், அது காலையிலிருந்து மாலைவரை உறுமிக்கொண்டிருக்கும். அலமாரிக்குப் பின்னாலிருந்து சுடுதண்ணீர்க் குழாய்கள் இரண்டு புறப்பட்டுக் கூரையோரமாகப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் அறை.

அவர் முக்காலியில் மீட்டரை வைத்தார். வழக்கம்போல் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டு, திறந்த கதவு வழியாகக் கேள்விகளைக் கேட்டார்.

"தலைவலி எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"காலையில வந்து உக்காந்து, நாலஞ்சு விரிப்பு முடிக்கிறப்ப."

"வீட்டுக்குப் போனா?"

"போயிடும். வீட்டுல என்ன இருக்கு, நானும் நாலு சுவரும்தான். ஆனா தலைவலி மட்டும் வீடு வரைக்கும் கூட வராது."

"இதே மாதிரி இங்க வேற யாருக்காவது?"

"இங்க வேற யாரு சார் இருக்கா?"

அப்போது தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்களுக்குத் தலைவலி வராதா? இத்தனை கட்டடம் ஏறி இறங்கறீங்களே" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமை வரும்" என்றார்.

"அன்னைக்கு லீவாச்சே?"

"அதனாலதான்."

தையல்காரம்மா சத்தமாகச் சிரித்தார். சலவைக்கூடத்திலிருந்து தள்ளுவண்டியோடு வந்த பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தவர் நகைச்சுவைக்குச் சிரித்தே பழகியவருக்கு, தன் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது என்னவோ செய்தது. அன்று அவர் அந்த வராந்தாவில் வேலைக்குத் தேவையானதைவிட அதிக நேரம் நின்றார்.

மீட்டரில் ஒன்றும் இல்லை. தூசு கொஞ்சம், அது துணி இருக்கும் இடத்தில் இருக்கத்தான் செய்யும். பாய்லரோ அடுப்போ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு நச்சு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். அதற்கென்றே தனியாக ஒரு மீட்டர் வைத்திருந்தார், அது பூஜ்யம் என்றது. பாய்லர் அறைக்குள்ளும் ஒரு நடை போய்ப் பார்த்தார், அங்கேயும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், தானாகப் பதிந்துகொள்ளும் கருவி ஒன்றைத் தையல் அறையில் சில நாள் விட்டுவைத்தார். திரும்ப வந்து எடுத்துப் பார்த்தபோது அதுவும் சுத்தம்.

இங்கேதான் அவர் சறுக்கினார். கட்டடத்தை விட்டுப் போனதும் நோய் தெளிகிறது என்று ஒருவர் சொன்னால், குறை கட்டடத்தில் இருக்கிறது என்று பொருள். அவர் தொழிலில் நேற்று வந்தவனுக்குக்கூட அது தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தையல்காரம்மா சொன்னதில் வேறொன்று அவர் காதில் பெரிதாக விழுந்திருந்தது: நானும் நாலு சுவரும். பேச ஆளில்லாமல் நாள் முழுக்க ஒரு அறையில் கிடந்தால் தலை வலிக்காதா, கால் துவளாதா? தனக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறதே. தன் வலியை எடுத்துத் தையல்காரம்மாவின் தலையில் வைத்துப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது.

எனவே அறிக்கையில் "காற்றில் குறை இல்லை" என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சூப்பர்வைசரம்மாவிடம், "அவங்களுக்கு ஆள் துணை இல்லாததுதாம்மா வியாதி. நாலு பேரோட உக்கார வெச்சீங்கன்னா சரியாயிடும்" என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் சூப்பர்வைசரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க சொன்னது சரிதான் சார். வியாதி மனசுலதான்னு மேல சொல்லிட்டேன். இந்த மாசக் கடைசியோட அவங்களை அனுப்பிடறதா முடிவு. உங்க ரிப்போர்ட் ரொம்ப உதவியா இருந்துச்சு."

"நான் அனுப்பச் சொல்லலையேம்மா" என்றார் காற்றுக்காரர்.

"நீங்க எதுக்கு சார் சொல்லணும்? அதை நாங்க பாத்துக்கறோம்."

கருவி சொன்னதைத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. நாலு சுவரை விட்டால் போக்கிடம் இல்லாத ஒருவருக்கு இருந்த இன்னொரு நாலு சுவரையும் பிடுங்கிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் போய் என்ன சொல்வது? பூஜ்யம் பூஜ்யம்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கண் டாக்டரைப் பார்க்க முந்தின நாளே ஊரிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தவள், ஊர் திரும்பும் வழியில் தம்பியைப் பார்க்க நுழைந்தாள். அக்கா ஒரு வீட்டுக்குள் வந்தால் வாசல்கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை. கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, படியேறிப் போகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். தம்பி பல வருஷமாகப் பேசாத எதிர்வீட்டு அம்மாளோடு அரை மணியில் சிநேகமாகிவிட்டாள்.

அவர் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுச் சமைத்தார். "அக்கா, சாக்கடை நாத்தம் அடிக்குதா பாரு. நான் சமைக்கிறப்பதான் வரும்."

அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "தாளிச்ச வாசனைதான் வருது. நல்லாத்தான் இருக்கு."

அவரும் மோந்து பார்த்தார். இல்லை.

"தனியா கெடந்தா இல்லாத நாத்தமெல்லாம் வரும்டா" என்றாள் அக்கா. "பேசாம என்கூட வந்து இரு. வயசான காலத்துல பைத்தியம் புடிச்சுத் தொலையப் போற."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குச் சுருக்கென்றது. இதையேதான், இன்னும் கொஞ்சம் மரியாதையான வார்த்தையில், அவர் தையல்காரம்மாவைப் பற்றிச் சொன்னார். கேட்கிற இடத்தில் இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிட்டதும் அக்கா பேருந்துக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சமையலறை ஃபேனை நிறுத்த மறந்திருந்தது, அது ஓடிக்கொண்டேயிருந்தது. பாத்திரம் கழுவத் தொடங்கினார். கழுவி முடிப்பதற்குள் நாற்றம் வந்துவிட்டது.

கை ஈரத்தோடு அப்படியே நின்றார். பிறகு போய் வாசல்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. சாத்தினார். மெதுவாக வந்தது. திறந்தார். போயிற்று. நாலாவது தடவை திறந்தபோது எதிர்வீட்டு அம்மாள், "கதவு ரிப்பேரா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, நான்தான் ரிப்பேர்" என்றார் அவர்.

நாற்றத்தின் பின்னாலேயே போனார். அது அம்மாவின் குளியலறையில் கொண்டுபோய் விட்டது. தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுக்கும். யாரும் குளிக்காத இடத்தில் தண்ணீர் ஏது? வற்றிப்போயிருந்தது. சமையலறை ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும். வாசல்கதவு திறந்திருந்தால் அந்த வழியாக வரும். சாத்தியிருந்தால் கிடைத்த ஓட்டை வழியாக வரும். குழாய்க்காரர் வந்தாலும் அக்கா வந்தாலும் கதவு திறந்திருக்கும், நாற்றம் இருக்காது. அவர் தனியாக இருந்தால்தான் இருக்கும்.

ஒரு வாளித் தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றினார். தீர்ந்தது. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அவர் அந்த வாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். கண்முன்னால் துவாலை மூட்டை வந்து நின்றது. தையல்காரம்மா அதைக் காலால் தள்ளிக் கதவுக்கு அண்டக் கொடுத்தாரே, அந்த மூட்டை.

மறுநாள் காலை விடுதிக்கு யாரிடமும் சொல்லாமல் போனார். கீழ்த்தள வராந்தாவில் தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் உறுமுகிறது, மிஷின் சத்தம் மட்டும் இல்லை. வராந்தாத் தூசு வெள்ளைத் துணியில் படாமலிருக்கத்தானோ என்னவோ, கதவின் அடியிடுக்கில் உள்ளிருந்து ஒரு பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினார், தூக்கிய கை அப்படியே நின்றது. தட்டினால் அவர் திறப்பார். திறந்தால் காற்று மாறிவிடும். பையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயை எடுத்து மீட்டரில் மாட்டி, மறுமுனையைச் சாவித்துவாரத்துக்குள் விட்டார். மீட்டர் உள்காற்றை இழுக்க ஆரம்பித்தது. பூஜ்யம் நகர்ந்தது. ஏறியது. நின்று யோசிக்காமல் ஏறிக்கொண்டே போய், வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி அலறத் தொடங்கியது.

கதவைத் தள்ளித் திறந்தார். தையல்காரம்மா மிஷின் மேல் தலையைச் சாய்த்திருந்தார். முகம் சிவந்திருந்தது. தோளைத் தொட்டு உலுக்கியதும் மெதுவாக நிமிர்ந்து, யார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்ததும், குழறிய பேச்சில், "வந்துட்டீங்களா சார்? கதவைத் திறந்து வெக்காம விட்டுட்டேன்" என்று துவாலை மூட்டையைத் தேடினார். எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. தள்ளுவண்டிப் பெண்ணும் காற்றுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து, படியேற்றி, வெளியே திறந்த வெளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் விடுதி ஆட்களிடம் சொல்லி ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்ய ஓடினாள்.

காத்திருந்தபோது அவர் கேட்டார். "நான் கருவியை விட்டுட்டுப் போயிருந்தேனே, அந்த நாள்ல எல்லாம் கதவு எப்படிம்மா இருந்துச்சு?"

"திறந்துதான் இருந்துச்சு. நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு சொல்லிடுவாங்களே. எல்லாரும் பாக்கட்டும்னு திறந்தே வெச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த நாள்ல தலைவலி கூட இல்லை சார். அதைச் சொன்னா பொய்க்காரிங்கிறது உறுதியாயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"மத்த நாள்ல ஏன் சாத்தி வெக்கறீங்க?"

"திறந்து வெச்சா போறவங்க வர்றவங்க பாப்பாங்க. பாத்துட்டுப் பேசாம போவாங்க. அதுக்குச் சாத்தியே இருக்கலாம்."

ஆள் துணை இல்லாததுதான் வியாதி என்று காற்றுக்காரர் சொன்னது, ஒரு வகையில் அட்சரம் பிசகாத உண்மை. ஒரே ஒரு ஆள் தினமும் வந்து அந்த வாசலில் நின்றிருந்தால் போதும், கதவு திறந்திருக்கும், நச்சு உள்ளே வந்திருக்காது. அவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டு அவ்வளவு தப்பாகப் போக எல்லாராலும் முடியாது.

அப்புறம் நடந்ததெல்லாம் சுலபம். அலமாரியை நகர்த்தினார்கள். சுடுதண்ணீர்க் குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. கதவு சாத்தியிருக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த ஓட்டை வழியாகத்தான் இழுத்தது. அந்த இழுப்பில், பாய்லரின் புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டிய புகை, அதன் கழன்ற மூட்டு ஒன்றின் வழியாகக் கீழே இறங்கித் தையல் அறைக்குள் வந்தது. ஓட்டையை அடைத்தார்கள், புகைபோக்கியின் கழன்ற இணைப்பை மாற்றினார்கள், காற்று வந்துபோகக் கதவின் அடியில் ஒரு துண்டை வெட்டி இரும்புக் கம்பித் தட்டு வைத்தார்கள். காற்றுக்காரர் சூப்பர்வைசரம்மாவிடம் போய், "நான் எழுதினது தப்பு, உங்ககிட்ட சொன்னது அதைவிடத் தப்பு" என்று சொல்லி, புது அறிக்கையைக் கையில் கொடுத்தார். சூப்பர்வைசரம்மா நின்று படித்தார். அவர் நின்று காற்றுக்காரர் பார்த்தது அன்றுதான். மாசக் கடைசிப் பேச்சு அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த தையல்காரம்மா பழையபடி மிஷினில் உட்கார்ந்தார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. எல்லாம் சரியாகிவிட்டதா என்று மறுபடி அளக்க வேண்டும். இந்த முறை கதவு சாத்தியிருக்க வேண்டும், உள்ளே தையல்காரம்மா மட்டும் இருக்க வேண்டும், யாருமே வராத நாள் மாதிரி.

"நீங்க வெளிய நிக்கிறப்ப நான் எப்படி சார் கதவைச் சாத்தறது?" என்று தையல்காரம்மா தயங்கினார்.

"நான் வரலைன்னு நெனச்சுக்குங்க."

"அது எப்படி?" என்று சொல்லிக்கொண்டே சாத்தினார்.

அவர் மீட்டரின் ரப்பர் குழாயைக் கம்பித் தட்டு வழியாக உள்ளே விட்டுவிட்டு, வராந்தாவில் கிடந்த துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். உள்ளே ஃபேன் உறுமியது. மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது. மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"இருக்கீங்களா?" குரல் கீழே கம்பித் தட்டிலிருந்து வந்தது.

"இருக்கேன்."

ஒரு விரிப்பு தைத்து முடிக்கிற நேரம் மிஷின் ஓடியது. பிறகு, "ஆள் துணை இல்லாததுதான் எனக்கு வியாதின்னு சொன்னீங்களாமே. சூப்பர்வைசரம்மா சொன்னாங்க."

அவருக்கு முகம் சூடாகிவிட்டது. நல்லவேளை நடுவில் கதவு இருந்தது. "தப்புதாம்மா."

"பொய்யில்லை சார். ஆனா அதை அவங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்க வேண்டாம்." கத்தரி நூலை வெட்டும் சத்தம் கேட்டது. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

தள்ளுவண்டி ஒன்று வந்தது. தள்ளி வந்த பெண் இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். அவர் என்னவெல்லாமோ சொல்ல நினைத்தார். எல்லாவற்றுக்கும் குரலைச் செருமிச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

மீட்டர் பூஜ்யத்திலிருந்து அசையவே இல்லை. தேவையான நேரம் எப்போதோ கடந்துவிட்டது. இனி இந்தக் கட்டடத்தில் அவருக்கு வேலை கிடையாது, வரக் காரணமும் கிடையாது.

மிஷின் நின்றது. "முடிஞ்சிருச்சா சார்?"

"இல்லைம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும். மெதுவா பாருங்க."

அவர் மீட்டரை அணைத்து, சத்தம் வராமல் பைக்குள் வைத்தார். குழாயை மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் உள்ளே தெரிந்துவிடும். கூடையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.